மூடியே இருக்க வேண்டிய வால்வு

எங்கள் போர்வெல் தண்ணீர் புது மாப்பிள்ளை மாதிரி. குழாயில் வரும்போது தெளிவாகப் பளிச்சென்று வரும். வாளியில் பிடித்து வைத்துவிட்டு ஒரு வேலையை முடித்துத் திரும்பினால் சுயரூபம் தெரியும். மேலே எண்ணெய் போல ஒரு படலம், அடியில் செங்கல் பொடி. தண்ணீரில் அத்தனை இரும்பு. வாஷ்பேசின், குளியலறைத் தரை, வாளி, குவளை எல்லாவற்றிலும் தேநீர் கொட்டின மாதிரி கறை. மற்றவர்கள் இதைச் சகித்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம். வெள்ளைத் துணி துவைத்துப் பிழைக்கிற வீடு எப்படி ஓட்டும்?

எங்கள் பிழைப்பு சலவை. வீட்டின் முன் அறையில் இரண்டு பெரிய வாஷிங் மெஷின், பிழிகிற டிரம் ஒன்று, நீராவி இஸ்திரி மேசை. பின்பக்கம் முழுக்கக் கொடிகள். நான் துவைத்துத் தேய்ப்பேன். என் வீட்டுக்காரர் வேனில் கொண்டுபோய்க் கொடுத்து, அழுக்கை வாங்கி வருவார். எங்களுடைய பெரிய வாடிக்கை ஒரு பல் ஆஸ்பத்திரி. டாக்டர் கோட்டு, நர்ஸ் கோட்டு, வாயைத் திறந்து படுத்திருப்பவர்களின் மார்பில் கட்டுகிற துண்டு, எல்லாமே வெள்ளை. எங்கள் சோற்றுச் சட்டியில் இருப்பதில் முக்கால்வாசி அந்த ஒரு இடத்திலிருந்து வந்ததுதான்.

ஃபில்டர் வைக்கச் சொல்லி நான் அவரைக் கேட்காத மாதம் கிடையாது. குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் வைக்கிற பெட்டி இல்லை, வீடு முழுக்க வருகிற தண்ணீரை உள்ளே நுழையும் இடத்திலேயே சுத்தம் செய்கிற பெரிய ஃபில்டர். அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்தி, துணி மூட்டையை இறக்கி வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில்தான் செத்தார் என்று சொன்னால் கேட்பவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். பல் ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலிக்கு என்ன செய்வார்கள்?

இன்ஷூரன்ஸ் பணம் வந்ததும் நான் செய்த முதல் செலவு ஃபில்டர். கேட்டபோதெல்லாம் தட்டிக்கழித்த மனுஷன் கடைசியில் செத்து வாங்கிக் கொடுத்தார். இதை நான் நாத்தனாரிடம் இப்படியே சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா அண்ணி?"

அவள் வைததாக நினைத்தாள். எனக்கு அது ஒரு விவரம் மாதிரிதான் பட்டது. உண்மையிலேயே இல்லை. அவர் போனதிலிருந்து நான் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. அழுதுவிடு, அழுதால் தேவலை என்று வந்தவர்கள் எல்லோரும் முதுகைத் தடவினார்கள். நானும் முயன்று பார்த்தேன். கண் எரிந்ததே தவிர ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டு மரத்த உதட்டைக் கடித்துப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது எனக்கு உடம்பு முழுவதும். கல்நெஞ்சக்காரி என்று பெயர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். துணி துவைத்தேன், தேய்த்தேன், மடித்தேன்.

வீட்டில் இப்போது நானும் மாமாவும்தான். மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா. ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க மேலும் கீழும் போய்வந்தவர், எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மகன் போனபிறகு அந்தச் சிரிப்பு நின்றது. எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சே குறைவு. சாப்பிட வாங்க, சாப்பிட்டாச்சு, விளக்கை அணைச்சுடவா. அவ்வளவுதான்.

எங்களை என்ன செய்வது என்று என் அண்ணனும் நாத்தனாரும் போனிலேயே பேசி முடித்திருந்தார்கள். சலவையை மூடிவிட வேண்டியது, நான் அண்ணன் வீட்டு மாடியறைக்குப் போக வேண்டியது, மாமா மகள் வீட்டுக்குப் போக வேண்டியது. ஆளுக்கொரு மூட்டையாகப் பிரித்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. நான் பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன். ஆஸ்பத்திரி வாடிக்கை இருக்கிறவரை யாரும் எங்களை அசைக்க முடியாது. ஆனால் அதுவும் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே துணிக்கணக்கு பார்க்கிற மேலாளரம்மா, கோட்டெல்லாம் மஞ்சளடிக்கிறது என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். மூன்றாவது முறை சொல்லமாட்டேன், வேறு இடம் பார்த்துவிடுவேன் என்பதையும் சொல்லிவிட்டார். அதனால்தான் ஃபில்டர் அவசரம்.

முதலில் வந்தவர் டை கட்டியவர். மேசைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்தார். ஒன்றில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். எங்கள் டம்ளர் கலங்கிச் சிவந்தது. பாருங்கள், இதைத்தான் குடிக்கிறீர்கள் என்று பயமுறுத்தும் குரலில் சொன்னார். மாமா ஜன்னலோரம் வைத்திருந்த பழைய வாளியைக் காட்டினார். எங்கள் தண்ணீருக்குக் கம்பியே வேண்டாம், சும்மா வைத்தாலே சிவக்கும் என்றார். டைக்காரர் டம்ளர்களைக் கழுவாமலே பையில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்து வந்தவர், தண்ணீரைப் பரிசோதிக்காமலே ஐந்து சிலிண்டர் வேண்டும் என்றார். உப்பு போடுகிறது ஒன்று, கரி போட்டது ஒன்று, நீல விளக்கு எரிகிறது ஒன்று என்று வரிசையாக அடுக்கினார். ஜவுளிக் கடையில் கல்யாணப் புடவை எடுத்துப் போடுகிற மாதிரி எடுத்துப் போட்டார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்போது எதற்கும் தலையாட்டத்தான் தெரிந்தது. மாமாதான் அவரை அனுப்பினார்.

மூன்றாவது ஆளுக்கு 'நாளைக்கு' என்று நாங்கள் பெயர் வைத்தோம். எப்போது போன் செய்தாலும் "நாளைக்கு வரேம்மா" என்பார். ஆனால் வந்த அன்று வேலையில் குறை வைக்கவில்லை. ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து அடியில் படிந்த சேற்றைக் கையால் வழித்துப் பார்த்தார். மோட்டார் ஓடும்போது வாளி எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்று பார்த்தார். இரண்டு மெஷினும் ஒன்றாக ஓடுமா என்று கேட்டார். பிறகு பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போய்ப் பரிசோதித்து வந்து சொன்னார். இரும்பு மட்டும்தான் அதிகம், மற்றது எல்லாம் தாங்கும். முதலில் நூல் சுற்றின கார்ட்ரிட்ஜ் ஒன்று, அது பெரிய அழுக்கைப் பிடிக்கும். அதற்கடுத்து ஆள் உயர நீலச் சிலிண்டர், உள்ளே இரும்பைப் பிடிக்கிற மணல். அதைச் சில நாளுக்கு ஒருமுறை தலைகீழாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கார்ட்ரிட்ஜை மாதாமாதம் மாற்ற வேண்டும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

ஃபில்டரை எங்கே பொருத்துவது என்பதில்தான் பழைய கதை வருகிறது.

அதுவரை எங்கள் வீட்டில் தண்ணீர் ஏற்றுவது இரண்டு ஆள் வேலை. போரிலிருந்து வருகிற குழாய் பின்சுவர் வழியாக மேலே தொட்டிக்குப் போகும். அந்தக் குழாயில் இடுப்புயரத்தில் பித்தளை வால்வு ஒன்று, சின்னச் சக்கரம் வைத்தது. காலையில் நான் அதைத் திருகித் திறந்து, மோட்டாரைப் போட்டுவிட்டு உள்ளே வேலையைப் பார்க்கப் போவேன். என் வீட்டுக்காரர் இரும்புப் படியேறி மொட்டைமாடிக்குப் போவார். தொட்டி நிறைந்ததும் மேலிருந்து "போதும்" என்று ஒரு குரல் வரும். நான் ஓடிவந்து மோட்டாரை நிறுத்தி உடனே வால்வை மூட வேண்டும். இல்லையென்றால் ஏற்றின தண்ணீர் வந்த வழியே இறங்கிவிடும். மூடின பிறகும் அவர் இறங்கமாட்டார். அடுத்த வீட்டு மாடியில் என்ன காய்கிறது, வானத்தில் என்ன பறக்கிறது என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார். நான் அண்ணாந்து, "மூடிட்டேன், எறங்கி வாங்க" என்று சொன்னால்தான் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் தொடங்கியது. சண்டை போட்டு முகம் பார்க்காத நாட்களிலும் இந்தப் பேச்சு மட்டும் நடந்தே ஆகவேண்டும், இல்லையென்றால் தண்ணீர் கிடையாது.

அவர் போனபிறகு யாரும் மாடிக்கு ஏறவில்லை. மாமாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காது. தொட்டி நிரம்பி வழிகிற சத்தத்தை வைத்து மோட்டாரை நிறுத்தினோம்.

'நாளைக்கு' அந்தப் பின்சுவரில்தான் ஃபில்டரைப் பொருத்தினார். பழைய குழாயை அறுத்து எறியாமல், அந்தப் பித்தளை வால்வுக்குக் கீழே ஒரு கிளை, மேலே ஒரு கிளை எடுத்து, நடுவில் ஃபில்டரை உட்கார வைத்தார். இந்த மாதிரி பித்தளை இப்போது கிடைக்காது, எதற்கு வீணாக்குவது, ஃபில்டர் பழுதானால் தண்ணீர் விடுகிற குறுக்கு வழிக்கு இதுவே இருக்கட்டும் என்றார். அறுக்கிற வேலை மிச்சம் என்பதும் ஒரு காரணம், அதைச் சொல்லவில்லை. தொட்டியில் மிதவை சுவிட்சு வைத்தார். நிறைந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும். தண்ணீர் திரும்பி இறங்காதபடி அடியில் புதிய ஒருவழி வால்வும் போட்டார். எல்லாம் முடிந்து, பித்தளைச் சக்கரத்தை இறுக்க மூடிவிட்டு என்னிடம் சொன்னார்.

"இது எப்பவும் மூடியே இருக்கணும்மா. தொறந்தா தண்ணி ஃபில்டர் பக்கமே எட்டிப் பாக்காது, நேரா மேல போயிடும். காலைல நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், மோட்டார் சுவிட்சைப் போடறது."

நான் தலையாட்டினேன். இனிமேல் யாரும் மேலே ஏற வேண்டாமா என்று மாமா கேட்டார். வேண்டாம் என்று நாளைக்கு பெருமையாகச் சொன்னார். மாமா கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

முதல் லோடு கோட்டு துவைத்து எடுத்தபோது பின்பக்கமே வெளிச்சமாகிவிட்ட மாதிரி இருந்தது. பழைய மஞ்சள்கூட இரண்டு மூன்று சலவையில் விட்டுக்கொடுத்தது. மேலாளரம்மா, இவ்வளவு நாளாக இது வெள்ளை என்றே தெரியாது என்று சிரித்ததாக வாடகை வண்டிக்காரர் வந்து சொன்னார். அவர்தான் இப்போது துணி கொண்டுபோகிறவர். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைப் பிரித்தேன்.

மாமா ஃபில்டரைப் பிடித்துக்கொண்டார். கழுவுகிற நாளை அவரே நினைவு வைத்து, சிலிண்டர் தலையிலுள்ள பிடியைத் திருப்பி, கழிவுக் குழாயில் முதலில் காபி நிறத்திலும் பிறகு தேநீர் நிறத்திலும் கடைசியில் தெளிவாகவும் வருகிறவரை குந்தி உட்கார்ந்து பார்ப்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. தினமும் காலையில் நான் மோட்டாரைப் போடுகிற சத்தம் கேட்டதும் செருப்பை இழுத்துக்கொண்டு பின்பக்கம் வந்துவிடுவார். மோட்டார் நிற்கிறவரை அங்கேயே நிற்பார். நான் திரும்பி வரும்போது கதவோரம் ஒதுங்கி நின்று, என்னைப் பார்க்காத மாதிரி பார்ப்பார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் செய்கிற வேலையைச் சரிபார்க்க ஒரு ஆளா? ஒரு சுவிட்சைப் போடத் தெரியாதவளா நான்? கேட்டிருப்பேன். கேட்கிற அளவுக்குத் தெம்பில்லை.

பிறகு மாமாவுக்குக் கண்ணில் புரை வந்தது. நாத்தனார் தன் ஊரில் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தாள். போனால் அப்படியே தங்கவைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. கிளம்பின அன்று, காலையில் தண்ணீர் ஏற்றி முடித்த பிறகு, 'நாளைக்கு' வந்து கார்ட்ரிட்ஜை மாற்றினார். பழையது வெல்லப்பாகில் முக்கினது போல இருந்தது. புதியது பாலாக இருந்தது. ஒரு வாரத்தில் இதுவும் பழுத்துவிடும், பயப்படாதீர்கள் என்றார்.

மாமா கிளம்பும்போது பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அந்தப் பித்தளை வால்வத் தொட்டுடாதம்மா."

யார் தொடப் போகிறார்கள் என்றேன். அவர் வேறு என்னவோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று மூடிக்கொண்டார். வயதானால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

அவர் இல்லாத வாரம் எப்படிப் போனது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. எப்போதும் போலப் போனது. எழுந்தேன், மோட்டார் போட்டேன், துவைத்தேன், காயப்போட்டேன். தேய்க்கும்போது கோட்டுகள் கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது கண்ணுக்குப் பட்டதா என்றால், பட்டிருக்கும். மண்டைக்குப் போகவில்லை.

மூட்டை திரும்பி வந்தது. துவைத்து மடித்து அனுப்பின கோட்டுகளை மேலாளரம்மா அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார். பிரித்துப் பார்த்தேன். காலரில், பாக்கெட் ஓரத்தில், மடிப்புகளில் எல்லாம் மஞ்சள். போன் செய்தார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் மோசம். வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளையாக வந்தால் பார்ப்போம், இல்லையென்றால் வேறு ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். அன்றே அண்ணனும் பேசினான். விஷயம் எப்படித்தான் அவன் காதுக்குப் போனதோ. மாடியறைக்கு வெள்ளையடித்துவிட்டானாம். எங்கள் கோட்டுகளைத் தவிர எல்லாமே வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

நாளைக்கு அதிசயமாக அன்றைக்கே வந்தார். மாமாவும் அதே மதியம் வந்து இறங்கினார், கறுப்புக் கண்ணாடியோடு. நாத்தனார் பிடித்து வைத்தும் நிற்கவில்லையாம். டாக்டர் இன்னும் சில நாள் ஓய்வெடுக்கச் சொல்லியும் கேட்கவில்லையாம். பையைக்கூட உள்ளே வைக்காமல் நேராகப் பின்பக்கம் வந்து நின்றார்.

நாளைக்கு பெரிய பிளாஸ்டிக் ஸ்பேனரால் கூட்டைத் திருகி, கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தார். எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே பாலாக இருந்தது. ஒரு வாரம் எங்கள் தண்ணீரில் கிடந்த பொருள் அப்படி இருக்கவே முடியாது. அதைத் திரும்ப மாட்டி மோட்டாரைப் போட்டு, ஃபில்டரிலிருந்து வெளியே வருகிற தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வைத்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். சிவக்கவில்லை. மேல் தொட்டித் தண்ணீர் மட்டும் செம்மண் குட்டை மாதிரி இருந்தது.

"ஃபில்டர் நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா ஒரு வாரமா இதுக்குள்ள தண்ணியே போகல. யாரோ அந்த வால்வத் தொறந்து விட்டுத் தண்ணி ஏத்திட்டு, அப்புறம் மூடி வெச்சிருக்காங்க."

யாரும் இல்லை என்றேன். வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். அப்படியானால் நீங்கள்தான் என்றார், நேரம் என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரி. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு நாளாக அது எங்கே இருந்ததென்று தெரியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், உங்கள் வேலையில் கோளாறை வைத்துக்கொண்டு என் தலையில் கட்டுகிறீர்களா, என் பிழைப்பே இதில் இருக்கிறது, ஃபில்டர் வைத்த பிறகு அந்தச் சக்கரத்தை நான் தொட்டதுகூட இல்லை என்று பொரிந்தேன். அவர் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு விழித்தார்.

"அவரைத் திட்டாதம்மா," என்றார் மாமா. "நீதான் தொறக்கறே."

நான் அவரைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை. 'நாளைக்கு' தொட்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, படியேறி மேலே போய்விட்டார். மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

தினமும் காலையில் நான் வருவேனாம். வந்ததும் முதலில் சக்கரத்தைத் திருகித் திறப்பேனாம். பிறகு சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேனாம். ஃபில்டர் வைத்த முதல் வாரத்திலேயே அவர் அதைப் பார்த்துவிட்டாராம். நான் உள்ளே போனதும் அவர் வந்து சக்கரத்தை மூடிவிடுவாராம். ஒரு நாள் விடாமல், கண் ஆபரேஷனுக்குக் கிளம்புகிற நாள் காலைவரை.

"மோட்டார் நின்னதும் நீ திரும்பி வருவே. மூடியிருக்கற வால்வையே மறுபடி இறுக்கி மூடுவே."

எனக்கு ஒன்றும் நினைவில்லை. என் கையை நானே பார்த்தேன். மோட்டார் போட்டது நினைவிருக்கிறது. நின்றதும் பின்பக்கம் வந்தது, கொடியை உயர்த்திக் கட்டியது நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் அண்ணாந்து பாத்து சொல்லுவே."

"என்ன சொல்லுவேன்?"

"மூடிட்டேன், எறங்கி வாங்கன்னு."

மேலே நாளைக்கு தொட்டியின் மூடியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். இவ்வளவு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்றைக்கு எல்லாம் கையை விட்டுப் போகிற நேரத்தில் சொல்கிறீர்களே என்று கேட்டேன். கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"எப்படிம்மா சொல்றது," என்றார். "எல்லாரும் அவனை விட்டுட்டாங்க. இந்த வீட்டுல நீ ஒருத்திதான் இன்னும் அவனைக் கூப்புடறே. அதக் கேக்கத்தான் நான் எந்திரிச்சு வருவேன்."

  நான் உள்ளே போய், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த கோட்டுகளை எண்ணாமல் மெஷினருகே கொட்டினேன்.

நாளைக்கு இறங்கி வந்ததும் வேலை தொடங்கியது. தொட்டியைக் காலிசெய்து, உள்ளே இறங்கிச் சுரண்டிக் கழுவினார். மறுபடி ஃபில்டர் வழியாகத் தண்ணீர் ஏற்றினோம். நான் கோட்டுகளைத் துரு எடுக்கிற பொடியில் ஊறவைத்து, அலசி, மறுபடி துவைத்தேன். கிளம்பும்போது 'நாளைக்கு', சக்கரத்தைக் கழற்றிவிடுகிறேன், தண்டு மட்டும் இருந்தால் யாராலும் திருக முடியாது, பழைய வால்வையே வைத்தது என் தப்பும்தான் என்றார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழற்றிவிடுங்கள் என்றேன். இரண்டு தட்டு தட்டி ஒரு மரையைக் கழற்றியதும் சக்கரம் கையோடு வந்தது. விளிம்பு தேய்ந்து பளபளப்பாக இருந்தது. இஸ்திரி மேசையில் ரசீதுகள் பறக்காமலிருக்க அதை மேலே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கோட்டுகள் போயின. மேலாளரம்மா ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த மூட்டையைக் கொடுத்தனுப்பியிருந்தார். அவர் வழக்கத்தில் அது சம்மதம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின நாள் காலையைப் பற்றி, சக்கரம் இல்லாத முதல் காலையைப் பற்றி.

அன்றைக்கு நான் விழிப்பாகவே எழுந்தேன். பின்பக்கம் போனேன். சுவிட்சுக்கு முன்னால் என் வலது கை தானாக நீண்டு, இடுப்புயரத்தில் சக்கரம் இருந்த இடத்தைப் பிடித்தது. மொட்டைத் தண்டு உள்ளங்கையில் குத்தியது. என் கை அங்கே போவதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். பின்னால் செருப்பு இழுபடுகிற சத்தம் கேட்டது. மூடுவதற்கு ஒன்றுமில்லை, இருந்தும் மாமா வந்திருந்தார்.

மோட்டார் நின்றது. நான் திரும்பி வந்து சுவரின் முன் நின்றேன். மாமா கதவோரம் ஒதுங்கி நின்றார். அவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு அண்ணாந்து பார்த்தேன். தொட்டியின் விளிம்பு, அதற்கு மேல் வெறும் வானம்.

"மூடிட்டேன்," என்றேன். "எறங்கி வாங்க."

இந்த முறை என் குரல் எனக்குக் கேட்டது. சொல்லிவிட்டு, எப்போதும் காத்திருக்கிற மாதிரி படியைப் பார்த்துக் காத்திருந்தேன். படியில் ஒரு சத்தமும் இல்லை. அவர் இறங்கி வரவில்லை. எத்தனையோ மாதமாக நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், அவர் வரவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீலச் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. முதலில் சத்தமில்லாமல், பிறகு அடுத்த வீட்டுக்கே கேட்கிற மாதிரி.

மாமா பக்கத்தில் வந்து நின்றார். ஆபரேஷன் ஆன கண், அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றாமல் தொண்டையைச் செருமினார்.

"நீ அழும்மா. மொத லோடு நான் போடறேன்."

அவருக்கு மெஷின் போடத் தெரியாது. கோட்டோடு கலர் துணியையும் சேர்த்துத் திணித்துவிடுவார். முகத்தைத் துடைத்துக்கொண்டு நான்தான் எழுந்துபோய்ப் போட வேண்டியிருந்தது.